அயர்லாந்து மேலவையில் ஒரு செனட்டர் பேசுவதால் என்ன ஆகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்தவர்கள் ஒரு பக்கம், ஊரில் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்கு அரசியலமைப்பு படிப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட தோரணையிலேயே விட்டிருக்கிறேன்.

செனட்னு சொல்றாங்க, ஷானட்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா? எத்தனை பேர் இருக்காங்க?

ஒன்றுதான். ஐரிஷ் மொழியில் மேலவையின் பெயர் ஷானட். அதன் உறுப்பினரை எல்லோரும் செனட்டர் என்றே அழைக்கிறார்கள். கீழவையின் பெயர் டாய்ல், பிரதமருக்கு டீஷக், மேலவைத் தலைவருக்குக் கஹீர்லக். இந்த நான்கு பெயரும் பழகிவிட்டால் அவைக் குறிப்புகளை வாசிப்பதில் பாதிச் சிரமம் போய்விடும்.

மேலவையில் 60 பேர். டப்ளினில் கில்டேர் தெருவில் உள்ள லென்ஸ்டர் ஹவுஸில் கூடுகிறார்கள். அது ஒரு பிரபுவின் மாளிகையாக இருந்த கட்டடம். மேலவை அறையும் அந்தக் காலத்துப் பெரிய கூடம்தான். கூரையின் வேலைப்பாட்டைப் பார்க்கவே போகலாம். பழுதுபார்ப்பு நடந்தபோது கொஞ்ச காலம் பக்கத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில், பீங்கான் பொருட்கள் வைத்திருந்த அறையில் அவை கூடியது. அப்போது கேலிக்குப் பஞ்சமே இருக்கவில்லை.

இவங்களை யார் தேர்ந்தெடுக்கிறாங்க? தேர்தல் நடந்த மாதிரியே தெரியலையே?

தெரியாமல் போவதில் ஆச்சரியமில்லை. 60 பேரில் 43 பேர் ஐந்து பேனல்களிலிருந்து வருகிறார்கள்: பண்பாடும் கல்வியும், வேளாண்மை, தொழிலாளர், தொழிலும் வணிகமும், நிர்வாகம். இவர்களுக்கு ஓட்டுப் போடுபவர்கள் புதிய டாய்ல் உறுப்பினர்கள், பதவி முடியும் செனட்டர்கள், நாடு முழுவதுமுள்ள 949 உள்ளாட்சிக் கவுன்சிலர்கள். மொத்தம் 1,200 பேருக்குள் முடிந்துவிடும் தேர்தல் அது.

இன்னும் 6 பேர் பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் ஓட்டில் வருகிறார்கள். மீதி 11 பேரை டீஷக் நேரடியாக நியமிக்கிறார்.

ஒரு செனட்டரின் பேச்சைப் படிக்கும் முன்பே அவர் எந்த வாசல் வழியாக வந்தவர் என்று பார்த்துவிடுங்கள். கவுன்சிலர் ஓட்டில் வந்தவர் உள்ளாட்சி நிதி, கிராமத்துச் சாலை, கவுன்சிலர் சம்பளம் என்று அடிக்கடி பேசுவார். அவருடைய வாக்காளர் அவர்கள்தானே. பட்டதாரிகள் ஓட்டில் வந்தவருக்குக் கட்சித் தயவு தேவையில்லை. கீழே வரும் பெரிய பெயர்களில் பலர் அந்த வாசல் வழியாகவே வந்தார்கள்.

நான் டிரினிட்டியில முதுகலை முடிச்சேன். எனக்கு அந்தப் பட்டதாரி ஓட்டு உண்டா?

ஐரிஷ் குடியுரிமை இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 2025 ஜனவரித் தேர்தல் வரை டப்ளின் பல்கலைக்கழகத்துக்கு 3 இடம், அயர்லாந்து தேசியப் பல்கலைக்கழகத்துக்கு 3 இடம் என்று பிரிந்திருந்தது. டிரினிட்டியில் படித்தவர்கள் முதல் தொகுதியில் வருவார்கள். இந்த இரண்டிலும் சேராத கல்லூரிகளில் படித்தவர்களுக்கு ஓட்டே கிடையாது. மற்ற உயர்கல்வி நிறுவனங்களுக்கும் அதை விரிவாக்கலாம் என்று 1979லேயே மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் வந்த அரசு ஒவ்வொன்றும் அதைக் கிடப்பில் போட்டது. 2023இல் உச்ச நீதிமன்றம் பழைய ஏற்பாடு செல்லாது என்று சொன்ன பிறகே 2024இல் சட்டம் திருத்தப்பட்டது. இனிமேல் 6 இடங்களுக்கும் சேர்த்து ஒரே உயர்கல்வித் தொகுதி.

குடியுரிமை இல்லாதவர்களும் மனம் தளர வேண்டாம். உள்ளாட்சித் தேர்தலில் இங்கே வசிக்கும் 18 வயது நிரம்பிய எவரும் ஓட்டுப் போடலாம், எந்த நாட்டு பாஸ்போர்ட்டாக இருந்தாலும் சரி. நீங்கள் தேர்ந்தெடுக்கும் கவுன்சிலர்தான் செனட்டருக்கு ஓட்டுப் போடுகிறார். ஆக, வொர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கும் மேலவை மீது ஒரு சின்னப் பிடி இருக்கிறது. நம்மவர்களில் பெரும்பாலானோர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதே இல்லை.

ஒரு நாள்ல செனட்டர் எந்தெந்த நேரத்துல பேசலாம்? எல்லாமே மசோதா விவாதமா?

இல்லை. நாளின் தொடக்கத்தில் தனிப் பிரச்சினைகளுக்கான நேரம் ஒன்று உண்டு. ஒரு ஊர் மருத்துவமனை, மூடப்படும் அஞ்சலகம், வராத பள்ளிக் கட்டடம் என்று ஒரு செனட்டர் ஒரே விஷயத்தை எழுப்புவார். அமைச்சர் வந்து பதில் சொல்வார். சம்பந்தப்பட்ட அமைச்சர் வராமல் வேறு துறைக்காரரை அனுப்பி, அவர் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டுப் போவதும் நடக்கும். அதைப் பற்றிய புகாரும் அவைக் குறிப்பில் திரும்பத் திரும்ப வரும்.

அப்புறம் அன்றைய அலுவல் ஒழுங்கு. அவை முன்னவர் இன்று என்னென்ன எடுக்கப்போகிறோம் என்று அறிவிப்பார். அதைச் சாக்காக வைத்து ஒவ்வொருவரும் எழுந்து தனக்குத் தோன்றியதைப் பேசுவார்கள்: உலகப் போர், உள்ளூர்க் கால்பந்து, காலமானவருக்கு அஞ்சலி. செய்தித்தாளில் வரும் துணுக்குகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் எடுக்கப்படுகின்றன. சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

மசோதா ஐந்து கட்டமாகப் போகும். முதல் கட்டம் அறிமுகம். இரண்டாம் கட்டம் கொள்கை விவாதம். நீண்ட பேச்சுகள் இங்கே. மூன்றாவது குழுக் கட்டம், வரி வரியாகத் திருத்தங்கள். நான்காவதில் அதன் மிச்சம். ஐந்தாவது இறுதி. என்னைக் கேட்டால் ஒரு செனட்டரின் தரம் தெரிவது குழுக் கட்டத்தில்தான். இரண்டாம் கட்டத்தில் யார் வேண்டுமானாலும் நன்றாகப் பேசிவிடலாம். 14ஆம் பிரிவு மூன்றாம் வரியில் ‘லாம்’ என்பதை ‘வேண்டும்’ என்று மாற்றச் சொல்லி அமைச்சரை மடக்குவதற்கு மசோதாவை உட்கார்ந்து படித்திருக்க வேண்டும்.

அமைச்சர்கள் எல்லாம் டாய்ல் உறுப்பினர்கள்தானே? மேலவையில எப்படிப் பேசுறாங்க?

எந்த அவையிலும் வந்து பேசும் உரிமை அமைச்சருக்கு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஓட்டு மட்டும் போட முடியாது. செனட்டர்கள் இரண்டு பேர் வரை அமைச்சராகவும் ஆகலாம், ஆனால் டீஷக், துணைப் பிரதமர், நிதியமைச்சர் ஆகிய மூன்று பொறுப்பும் கிடைக்காது. 1937 அரசியலமைப்பு வந்த பின் அப்படி ஆனவர்கள் இருவர்தான்: 1957இல் ஷான் மொய்லன், 1981இல் ஜேம்ஸ் டூக்.

பேச்சை எங்க படிக்கலாம்? சொன்னது சொன்னபடியே இருக்குமா?

நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மேலவையின் குறிப்புகள் 1922 டிசம்பரில் கூடிய முதல் அமர்விலிருந்தே இருக்கின்றன. உறுப்பினர் பெயரைக் கொடுத்தால் அவர் பேசியது முழுக்க வந்து நிற்கும். நூறு வருடப் பேச்சை இப்படிச் சொடுக்கி வாசிக்கக் கொடுத்ததற்காகவே அந்த நாட்டுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

கிட்டத்தட்ட சொன்னபடி இருக்கும். திக்கியதையும் சொன்னதையே திரும்பச் சொன்னதையும் நீக்குவார்கள். கருத்தில் கைவைக்க மாட்டார்கள். ஐரிஷில் பேசினால் ஐரிஷிலேயே அச்சாகும், பக்கத்தில் ஆங்கிலம் தரமாட்டார்கள். ஒரு செனட்டர் திடீரென்று பாதிப் பேச்சில் மொழி மாறினால் பதற வேண்டாம், கோப்பு கெட்டுப் போகவில்லை. மிக முக்கியமாக, குறுக்கீடுகளையும் சேர்த்து வாசியுங்கள். ஒரு பேச்சு எங்கே சுட்டது என்பது மற்றவர்கள் எங்கே வாய் திறந்தார்கள் என்பதில் தெரியும்.

கவிஞர் யேட்ஸ் செனட்டரா இருந்தாராமே? சபையில கவிதை படிச்சாரா?

இருந்தார். 1922 முதல் 1928 வரை, அதாவது அயர்லாந்து சுதந்திர நாடு என்ற பெயரில் இருந்த காலத்து மேலவையில். அன்று அரசுக்குத் தலைமை தாங்கிய டபிள்யூ. டி. கோஸ்கிரேவ் அவரை நியமித்தார். மறு வருடமே நோபல் பரிசு வந்தது. கவிதையெல்லாம் படிக்கவில்லை. பள்ளிக் கட்டடங்களின் நிலை, பழைய கையெழுத்துப் படிகள், புதிய நாணயம் பற்றிப் பேசினார்.

அவருடைய பேச்சில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1925 ஜூன் 11 அன்று விவாகரத்து குறித்துப் பேசியது. அதன் பின்னணி பலருக்குத் தெரிவதில்லை. அப்போது விவாகரத்துக்கென்று தனி நீதிமன்ற நடைமுறை அயர்லாந்தில் கிடையாது. மறுமணம் செய்துகொள்ள வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் தனி மசோதா போட்டுத்தான் பிரிய வேண்டும். முன்பு லண்டன் நாடாளுமன்றம் அதைப் பார்த்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பின் அந்த வேலை டப்ளினுக்கு வந்தது. கத்தோலிக்கப் பெரும்பான்மை நாட்டில் அப்படியொரு மசோதாவே வர முடியாதபடி அவை விதிகளை மாற்ற அரசு விரும்பியது. ஆக, யேட்ஸ் பேசியது ஒரு சட்டத்தை எதிர்த்துக்கூட அல்ல, அவை நடைமுறை விதி ஒன்றை எதிர்த்து.

கத்தோலிக்கக் கருத்துகளை மட்டும் வைத்துத் தெற்கை ஆண்டால், பிரிட்டனோடு தங்கிவிட்ட வடக்கு (வட அயர்லாந்து) ஒருநாளும் நம்மோடு சேராது என்றார். தன் சிறுபான்மைப் புராட்டஸ்டன்ட் மக்களைப் பற்றி, நாங்கள் அற்பமான கூட்டமல்ல, பர்க், கிராட்டன், ஸ்விஃப்ட், எம்மெட், பார்னெல் பிறந்த மக்கள் என்றார். அதைப் பலர் துணிச்சல் என்றார்கள், வேறு பலர் திமிர் என்றார்கள். படித்தால் இரண்டும் சரி என்றே தோன்றும். பேச்சுக்கலை என்று பார்த்தால் அபாரம். நாடாளுமன்ற வேலை என்று பார்த்தால் மோசம். குவேக்கர் என்ற சிறிய கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த செனட்டர் ஜேம்ஸ் டக்ளஸ் சத்தமில்லாமல் ஒரு சமரசத் தீர்மானத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த சமயம் அது. இப்படிப் பேசினால் பக்கத்து இருக்கைக்காரர் மனம் மாறுவாரா, முறுக்கிக்கொள்வாரா?

விவாகரத்து 1937 அரசியலமைப்பில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. 1986 வாக்கெடுப்பில் தடை நீடித்தது. 1995இல் சுமார் 9,000 ஓட்டு வித்தியாசத்தில் நீங்கியது. அந்தப் பிரச்சாரங்களில் யேட்ஸின் பேச்சை எடுத்துக்காட்டியவர்கள் உண்டு. ஆனால் அவர் செனட்டராக இருந்து நிஜமாகச் சாதித்தது வேறு. நாணயக் குழுவுக்குத் தலைமை தாங்கி, 1928இல் வெளிவந்த விலங்கு நாணயங்களைக் கொண்டுவந்தார். பென்னியில் குஞ்சுகளோடு கோழி, ஷில்லிங்கில் காளை, ஃப்ளோரினில் சால்மன் மீன். அரசர் தலையோ புனிதர் படமோ இல்லாத நாணயம். பெர்சி மெட்காஃப் வடிவமைத்தவை. பழைய நாணயம் சேர்ப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள்.

மேரி ராபின்சன் கொண்டுவந்த மசோதா தோத்துப்போச்சு. தோத்ததை ஏன் இவ்வளவு பேசறாங்க?

அது தோற்ற விதத்துக்காக. ராபின்சன் 1969இல் 25 வயதில் டப்ளின் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து செனட்டரானார். அந்த நாட்டில் 1935 சட்டப்படி கருத்தடைச் சாதனங்களை விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். 1971இல் அந்தச் சட்டத்தைத் திருத்த ஜான் ஹோர்கன், டிரெவர் வெஸ்ட் என்ற இரண்டு செனட்டர்களோடு சேர்ந்து மசோதா கொடுத்தார். மூவருமே பட்டதாரிகள் ஓட்டில் வந்தவர்கள். மேலே சொன்ன அந்த வாசல்.

முதல் கட்டம் என்பது சம்பிரதாயம். மசோதாவை அச்சிட அனுமதி கொடுப்பதற்குத்தான் அது. பிடிக்காத மசோதாவாக இருந்தாலும் விடுவார்கள், இரண்டாம் கட்டத்தில் தோற்கடிப்பார்கள். இந்த மசோதாவுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. அலுவல் பட்டியலில் மாதக்கணக்கில் தள்ளித் தள்ளி வைத்தார்கள். மார்ச்சில் டப்ளின் பேராயர் மெக்குவெய்டு எழுதிய கடிதம் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது. இப்படியொரு சட்டம் வந்தால் நாட்டுக்கே சாபம் என்று அதில் இருந்தது. மே மாதம் பெண்கள் குழு ஒன்று ரயிலில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் போய்க் கருத்தடைச் சாதனங்களை வாங்கி வந்து, டப்ளின் ரயில் நிலையத்தில் சுங்க அதிகாரிகள் முன்னால் தூக்கிக் காட்டியது. ஜூலையில் மேலவை ஓட்டெடுத்து முதல் கட்டத்தையே மறுத்தது. அதனால் மசோதா அச்சேறவில்லை. எதை எதிர்க்கிறோம் என்று மக்கள் படித்துப் பார்க்கவே வழியில்லாமல் எதிர்த்தார்கள்.

அந்த நாள் அவைக் குறிப்பைப் படித்தால் விவாதம் முழுக்க நடைமுறை பற்றியே ஓடும்: அனுமதிக்கலாமா, கூடாதா. கருத்தடை பற்றிப் பேசாமலே கருத்தடையைத் தோற்கடித்த விவாதம். ராபின்சன் 1973இல் வேறு மசோதாவோடு மறுபடி வந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தம்பதியர் தங்கள் சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்வதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்புச் சொல்லி அரசுகளின் கையைக் கட்டியது. 1974இல் அரசே ஒரு மசோதா கொண்டுவந்தது. டீஷக் லியம் கோஸ்கிரேவ் தன் சொந்த அரசின் மசோதாவுக்கு எதிராக ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தார். 1979இல் மருத்துவர் சீட்டோடு வாங்கலாம் என்றும், 1985இல் 18 வயது கடந்தவர்கள் ஆணுறையைச் சீட்டில்லாமல் வாங்கலாம் என்றும் சட்டம் படிப்படியாக இறங்கி வந்தது.

தோற்ற மசோதாவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால், ஒரு விஷயத்தை அரசு இனி மூடி வைக்க முடியாதபடி அவையின் மேசை மீது தூக்கி வைத்தது அதுதான். ராபின்சன் 1989 வரை செனட்டர், 1990இல் நாட்டின் குடியரசுத் தலைவர்.

டேவிட் நாரிஸ் முப்பது வருஷத்துக்கு மேல செனட்டரா இருந்து என்ன செஞ்சார்?

1987 முதல் 2024 ஜனவரி வரை இடைவிடாமல் இருந்தார். இதுவே ஒரு சாதனை. எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸைப் பற்றிய ஆய்வாளர், டிரினிட்டி ஆசிரியர். ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய விக்டோரியா காலத்துச் சட்டத்தை எதிர்த்து அவர் போட்ட வழக்கு 1980இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றது. 1983இல் உச்ச நீதிமன்றத்தில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றது. 1988இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வென்றது. அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் வேறு யாருமல்ல, முந்தைய பதிலில் வந்த ராபின்சன்.

சட்டம் மாற மேலும் ஐந்து வருடம் பிடித்தது. 1993இல் அந்த மசோதா மேலவைக்கு வந்தபோது, அந்தச் சட்டத்தின் கீழ் அதுவரை குற்றவாளி என்று பெயர் வாங்கியிருக்கக்கூடிய மனிதரே உறுப்பினராக எழுந்து பேசினார். மசோதாவில் கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் ராபின்சன். கதையாக எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நாரிஸைப் பாராட்டும்போது ஒன்றை மறைக்க வேண்டாம். அவர் நிறையப் பேசினார். சில நாள் தேவைக்கு மேலேயும். டப்ளினின் பழைய ஜார்ஜியன் வீடுகள் முதல் உலகின் எந்த மூலை மனித உரிமை வரை எல்லாவற்றிலும் அவருக்குக் கருத்து இருந்தது. ஆனால் அலுத்துப்போய்ப் புரட்டும்போது திடீரென்று ஒரு வாக்கியம் சிரிக்க வைக்கும்.

அப்போ அதிகம் பேசினவர்தான் நல்ல செனட்டரா? எண்ணிக்கை வச்சு வரிசைப்படுத்தலாமா?

வேண்டாம். யார் எத்தனை முறை பேசினார் என்று பட்டியல் போடுவது எளிது. அதனால் எல்லோரும் போடுகிறார்கள். அலுவல் ஒழுங்கு நேரத்தில் தினமும் எழுந்து இரண்டு நிமிடம் பேசுபவர் அந்தப் பட்டியலில் முதலில் வருவார். வருடத்தில் ஆறு முறை மட்டும் குழுக் கட்டத்தில் எழுந்து மூன்று திருத்தங்களை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர் கடைசியில் நிற்பார்.

நான் பார்ப்பது இதை: அவர் பேசிய பின் அமைச்சர் என்ன சொன்னார்? ‘யோசிக்கிறேன்’ என்றாரா, அடுத்த கட்டத்தில் அரசின் பெயரிலேயே அந்தத் திருத்தம் வந்ததா? எதிர்க்கட்சிச் செனட்டர் கொடுத்த திருத்தத்தைத் தள்ளிவிட்டு, கொஞ்சம் சொல் மாற்றி அமைச்சர் தன் திருத்தமாகக் கொண்டுவருவது சர்வ சாதாரணம். பெயர் அமைச்சருக்குப் போகும், வேலை செனட்டருடையது.

மேலவை ஒரு மசோதாவைத் தடுக்கவே முடியாதா?

தடுக்க முடியாது, தாமதப்படுத்தலாம். சாதாரண மசோதாவை 90 நாள் இழுக்கலாம். அதற்கப்புறம் டாய்ல் ஒரு தீர்மானம் போட்டு நிறைவேறியதாகவே கருதிக்கொள்ளலாம். நிதி மசோதா என்றால் 21 நாள்தான்; அதிலும் பரிந்துரை சொல்லலாம், திருத்த முடியாது. மேலவையும் டாய்லில் மூன்றில் ஒரு பங்கினரும் கேட்டுக்கொண்டால் மசோதாவை மக்கள் தீர்ப்புக்கு விடும் வழி ஒன்று அரசியலமைப்பின் 27ஆம் பிரிவில் இருக்கிறது. இதுவரை ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை.

நடைமுறையில் 90 நாளுக்கும் பெரும்பாலும் வேலை வருவதில்லை, ஏனென்றால் டீஷக் நியமிக்கும் 11 பேர் பொதுவாகப் பெரும்பான்மையை உறுதிசெய்துவிடுகிறார்கள். விதிவிலக்குகள் உண்டு. 1959இல் விகிதாசாரத் தேர்தல் முறையை ஒழிக்கும் மசோதாவை மேலவை நிராகரித்தது. டாய்ல் அதை மீறி மக்களிடம் கொண்டுபோனது. மக்களும் நிராகரித்தார்கள். 1964இல் அடகுக்கடை மசோதா ஒன்றும் மேலவையில் தோற்றது.

பேசிப் பேசியே ஒரு மசோதாவை ஒழிச்சதுண்டா?

அதற்கு மிக அருகில் வந்தது ஒன்று உண்டு. நீதிபதிகள் நியமனக் குழு மசோதா, 2017. அமைச்சர் ஷேன் ராஸின் பிடிவாதத்தில் வந்தது. 2018இல் மேலவைக்கு வந்ததும், முன்னாள் சட்டத்துறைத் தலைமை வழக்கறிஞரான செனட்டர் மைக்கேல் மெக்டவல் அதை வரி வரியாகப் பிரித்துப் போட்டார். திருத்தத்தின் மேல் திருத்தம். ஒரு சொல்லுக்கு ஒரு மாலை முழுக்க. நீதியமைச்சர் சார்லி ஃபிளனகன் மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. 2020 தொடக்கத்தில் டாய்ல் கலைந்தபோது மசோதா சட்டமாகாமலே போய்விட்டது. வேறு வடிவில் 2023இல்தான் சட்டம் வந்தது.

இது நியாயமா என்று கேட்பார்கள். விவாதத்தை நேரம் வைத்து முடிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு, ஓட்டு கையில் இருந்தால். அன்றைக்கு அரசிடம் அந்த ஓட்டும் உறுதியில்லை, மனமும் முழுசாக இல்லை. பேச்சு ஜெயித்தது அந்த இடைவெளியில்.

செனட்டர் தானே கொண்டுவந்த மசோதா சட்டமாவதுண்டா, இல்ல எல்லாம் ராபின்சன் கதைதானா?

சமீப காலத்தில் உண்டு. பெண் பிறப்புறுப்புச் சிதைப்பைக் குற்றமாக்கிய 2012 சட்டம், செனட்டர் இவானா பாசிக் கொடுத்த மசோதாவிலிருந்து தொடங்கியது. குழந்தைகள் இருக்கும் காரில் புகைபிடிக்கத் தடை விதித்த 2014 சட்டத்துக்குப் பின்னால் புற்றுநோய் மருத்துவரான ஜான் கிரவுனும் வேறு இரு செனட்டர்களும் இருந்தார்கள். ஐரிஷ் சைகை மொழிக்கு அங்கீகாரம் கொடுத்த 2017 சட்டம் மார்க் டேலியின் முயற்சி.

பாதியில் நிற்பவையும் உண்டு. பாலஸ்தீனம் போன்ற ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் உள்ள குடியேற்றங்களோடு வணிகத்தைத் தடைசெய்ய ஃபிரான்சஸ் பிளாக் 2018 ஜனவரியில் கொண்டுவந்த மசோதா, அரசின் எதிர்ப்பை மீறி டிசம்பரில் மேலவையைத் தாண்டியது. டாய்லில் இரண்டாம் கட்டமும் கடந்து, பிறகு அங்கேயே கிடந்தது. பாடகியாக அறியப்பட்டவர் அவர். வெளியுறவுக் கொள்கையில் ஒரு அரசை வருடக்கணக்கில் தற்காப்பு நிலையில் வைத்தார்.

உள்ள இருந்து யாரை வேணும்னாலும் திட்டலாமா? கேஸ் போட முடியாதாமே?

அவைக்குள் சொன்னதற்கு நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. ஆனால் அவையே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. வெளியில் இருப்பவரின் பெயரைச் சொல்லியோ அடையாளம் தெரியும்படியோ குற்றம் சாட்டினால் தலைவர் தடுப்பார். சக உறுப்பினரைப் பார்த்துப் பொய் சொல்கிறாய் என்று சொல்லக்கூடாது, சொன்னால் திரும்பப் பெற வேண்டும். நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கிலும் எல்லை உண்டு. தன்னைப் பற்றிச் சொன்னது அவதூறு என்று நினைக்கும் வெளியாள், தன் மறுப்பை அவைக் குறிப்பில் சேர்க்கும்படி விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று. அந்தப் பாதுகாப்பு அவைக்குள்தான். அதே வாக்கியத்தை வாசலில் நிருபரிடம் சொன்னால் சாதாரண ஆளைப் போலத்தான் அவரும் மாட்டுவார்.

ஒழிக்கிறோம்னு வாக்கெடுப்பு வச்சாங்களே, அப்புறம் ஏன் இன்னும் இருக்கு?

மக்கள் வேண்டாம் என்றார்கள், அதாவது ஒழிக்க வேண்டாம் என்று. 2013 அக்டோபர் 4 அன்று 51.7 சதவீதம் பேர் மேலவை இருக்கட்டும் என்று ஓட்டுப் போட்டார்கள். ஒழிப்புக்காக முன்னின்றவர் டீஷக் எண்டா கென்னி. வருடத்துக்கு 2 கோடி யூரோ மிச்சம் என்று அவர் கட்சி சுவரொட்டி ஒட்டியது. எதிர்த்தவர்களும் மேலவை நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சீர்திருத்துங்கள், மூடாதீர்கள் என்றார்கள். அதற்குப் பின் சீர்திருத்த அறிக்கைகள் வந்தன. தேர்தல் முறை பேனல்களுக்கு அப்படியேதான் இருக்கிறது.

ஒருமுறை ஒழிந்ததும் உண்டு. யேட்ஸ் இருந்த அந்தப் பழைய மேலவை, அப்போது அரசுக்குத் தலைமை தாங்கிய டி வலேரா கொண்டுவந்த மசோதாக்களைத் தொடர்ந்து தாமதித்தது. அரசியல் சீருடைகளைத் தடைசெய்யும் மசோதாவை 1934இல் நிராகரித்தது. 1936இல் அவர் மேலவையையே ஒழித்துவிட்டார். 1937 அரசியலமைப்பில் அவரே புதிய மேலவையைக் கொண்டுவந்தார். இந்த முறை பல்லைப் பிடுங்கிவிட்டு.

தேர்தலுக்கும் புது அவைக்கும் நடுவுல பழைய செனட்டர் பேசினா அது செல்லுமா?

செல்லும். டாய்ல் கலைந்தாலும் மேலவை உடனே கலைவதில்லை. புதிய மேலவைக்கான வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் வரை பழையவர்களே உறுப்பினர்கள். 2020 மார்ச்சில் கோவிட் அவசரச் சட்டங்களைப் புதிய டாய்லும் பழைய மேலவையும் சேர்ந்து நிறைவேற்றின.

சிக்கல் அதற்குப் பின் வந்தது. மார்ச் இறுதியில் நடந்த தேர்தலில் 49 பேர் தேர்வாகிவிட்டார்கள். மீதி 11 பேரைப் புதிய டீஷக்தான் நியமிக்க வேண்டும். அரசு அமையவே இல்லை. 60 பேரும் நிரம்பாமல் அவை கூட முடியாது, அவை கூடாமல் எந்தச் சட்டமும் நிறைவேறாது. சில செனட்டர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள், பலிக்கவில்லை. பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தின் சில பிரிவுகளை ஜூன் முடிவதற்குள் இரு அவைகளும் புதுப்பிக்க வேண்டிய நெருக்கடி வேறு. ஜூன் 27 அன்று மிஹால் மார்ட்டின் டீஷக் ஆனதும் 11 பெயரையும் அறிவித்தார். அதில் ஒருவர் அயர்லாந்தின் நாடோடிச் சமூகமான டிராவலர் மக்களிலிருந்து மேலவைக்கு வந்த முதல் பெண், எய்லீன் ஃபிளின். பயனற்ற அவை என்று சொல்பவர்கள் அந்த மூன்று மாதத்தை மறந்துவிடுகிறார்கள்.

நம்ம ராஜ்யசபா நியமன உறுப்பினர் முறை அயர்லாந்திலிருந்து வந்ததுன்னு பாடத்துல இருக்கு. சரிதானா?

சரி. அரசின் வழிகாட்டு நெறிமுறைகளோடு சேர்த்து அதையும் ஐரிஷ் அரசியலமைப்பிலிருந்து எடுத்ததாகத்தான் சொல்வார்கள். தேர்வில் அப்படியே எழுதலாம். ஆனால் வித்தியாசத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் 12 பேர், இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவையில் அனுபவம் உள்ளவர்கள். அயர்லாந்தில் 11 பேர், அப்படி எந்தத் தகுதியும் கேட்பதில்லை. தேர்தலில் தோற்ற கட்சிக்காரருக்கும் கொடுக்கலாம், கொடுக்கிறார்கள். ஆனால் வட அயர்லாந்தின் எண்ணிஸ்கிலன் ஊரில் நடந்த குண்டுவெடிப்பில் மகளை இழந்து, பழிவாங்கல் வேண்டாம் என்று சொன்ன கோர்டன் வில்சனையும் 1993இல் அப்படித்தான் நியமித்தார்கள். 1982இல் வட அயர்லாந்து அரசியல்வாதி ஷேமஸ் மலனை நியமித்தபோது, அதனாலேயே அவர் அங்குள்ள சட்டப்பேரவை இடத்தை இழந்தார்.

ஒரே ஒரு செனட்டரை எடுத்துக் கட்டுரை எழுதணும். எங்க ஆரம்பிக்க?

அவருடைய முதல் பேச்சிலிருந்து வேண்டாம். முதல் பேச்சில் எல்லோரும் நன்றி சொல்வார்கள். அவர் பெயர் வரும் ஒரு மசோதாவை எடுங்கள். இரண்டாம் கட்டத்தில் அவர் கேட்டது என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். குழுக் கட்டத்தில் அவர் கொடுத்த திருத்தங்கள், அமைச்சர் பதில், பின்பு அச்சான சட்டத்தின் அதே பிரிவு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கட்டுரையின் பாதி அங்கேயே இருக்கும். ஓட்டெடுப்பில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் பாருங்கள், உருக்கமாக எதிர்த்துப் பேசிவிட்டுக் கட்சியோடு சேர்ந்து ஆதரித்து ஓட்டுப் போட்டவர்கள் நிறைய.

ராபின்சனைத் தேர்ந்தெடுத்தால் 1971 ஜூலையில் தொடங்குங்கள். நாரிஸ் என்றால் 1993. மெக்டவல் என்றால் நிறைய டீ போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.